பழைய படகு வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள்

நான் பிறந்தது தூத்துக்குடி. தாத்தாவின் வள்ளத்தில் டீசல் இன்ஜின் உள்ளே உட்கார்ந்து தடதடக்கும். பின்னால் தொங்குகிற அவுட்போர்டை எங்கள் வீட்டில் யாரும் இன்ஜினாகவே மதித்ததில்லை. கல்யாணமாகி மொரீஷியஸில் மாயேபூருக்கு வந்து 14 வருடம் ஆகியும் அந்தத் திமிர் எனக்குப் போகவில்லை. என்னை ஏமாற்றியவர் சரியாக அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

கிராண்ட் பே பக்கம், 21 அடி ஃபைபர் படகு, 4,75,000 மொரீஷியஸ் ரூபாய். விற்றவர் நம் ஆள். தைப்பூசக் காவடியின்போது பார்த்த முகம். "வணக்கம் அண்ணே, வாங்க" என்றதோடு தமிழ் முடிந்தது, மிச்சமெல்லாம் இங்கே பேசுகிற கிரியோல் மொழி. குடும்பத்தோடு போகிறவருக்கு அவுட்போர்ட் எதற்கு, ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவான், பின்பக்கம் பிள்ளைகள் ஏறி இறங்க இடமிருக்காது, இது இன்போர்ட், பத்திரமாக உள்ளே இருக்கும் என்று அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அது முழு இன்போர்ட் கூட இல்லை, ஸ்டெர்ன்டிரைவ். பெட்ரோல் இன்ஜின் உள்ளே இருக்கும். கியரும் புரொப்பெல்லரும் வெளியே உப்புத் தண்ணீரில் கிடக்கும். பின்சுவரில் பெரிய ஓட்டை போட்டு இரண்டையும் இணைத்திருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வராமல் காப்பது துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. இங்கே மெக்கானிக்குகள் 'சூஃப்லே' என்கிறார்கள். அது கிழிந்தால் படகு கட்டின இடத்திலேயே மூழ்கலாம். தாத்தாவின் வள்ளத்தில் அப்படி ஒன்று இருந்ததில்லை. எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

பார்க்கப் போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஓட்டி வைத்தேன் அண்ணே" என்றார். எனக்கு மரியாதையாகப் பட்டது. குளிர்ந்த இன்ஜின் எவ்வளவு திணறிக் கிளம்புகிறது என்பதை மறைக்கத்தான் அந்த மரியாதை. டிரெய்லரில் வைத்தபடியே ஹோஸ் மாட்டி ஓட்டிக் காட்டினார். கடலில் இறக்கலாமா தம்பி என்றேன். இன்று அலை ஜாஸ்தி என்றார். காற்றே இல்லாத நாள் அது! இன்ஜின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் 212 காட்டியது. பிரெஞ்சில் ஒரு தாள் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு. மாமியார், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடையில் சாப்பாடு. ஈல் ஓ ஸெக்ரெத் தீவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். முதலில் மாமியார்தான் "பெட்ரோல் நாத்தம் வருது மாப்ளே" என்றார். இன்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறிக்கான புளோயர் சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது, திருப்தியாகிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் படகின் பின்பக்கம் கனத்தது. மூடியைத் தூக்கினால் இன்ஜினுக்குக் கீழே தண்ணீர், அதன் மேலே எண்ணெய்ப் படலம். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவால் இறைத்தோம். பிரோக் என்கிற சின்னப் படகில் மீன்பிடிக்க வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். அவர் படகில் இருந்தது 15 குதிரைசக்தி அவுட்போர்ட். வழி நெடுக நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரப்பர் உறை வெடித்து, வெளியே தெரியாமல் இருக்க சிலிக்கான் பூசியிருந்தது. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தால்தான் அப்படி ஆகும். அலுமினியக் கியர் பகுதிக்கு, பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடியில் அடிக்கிற செம்பு கலந்த பெயின்டையே அடித்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். நகத்தால் கீறினார், பொடியாக உதிர்ந்தது. மணி மீட்டர் புதிது, இன்ஜின் பழையது.

தூக்கத்தைக் கெடுத்தது இதெல்லாம் இல்லை. புளோயர் சுவிட்சுக்கு விளக்கு இருந்தது, கம்பியின் மறுமுனையில் விசிறியே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும். மூடிய அறைக்குள் பெட்ரோல் இன்ஜின் இருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சில நிமிடம் அந்த விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும். என் பிள்ளைகள் அந்த மூடியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

விற்றவரைப் போனில் கூப்பிட்டால், "பேப்பரைப் படிங்க" என்றார். 'வாந்து ஆன் லேத்தா' என்று இருந்தது. இருக்கிற நிலையிலேயே விற்றது என்று அர்த்தம். வக்கீல் வேறு மாதிரி சொல்கிறார்: குறை தெரிந்தே மறைத்து விற்றவரை அந்த வரி காப்பாற்றாது, 'வீஸ் காஷே' என்று வழக்குப் போடலாம், ஆனால் ஆற அமரப் போகக் கூடாது. மெக்கானிக்கின் அறிக்கையை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்போர்டைக் குறை சொல்ல வரவில்லை. ரிவியேர் நுவாரில் மார்லின் மீன் பிடிக்கப் போகும் பெரிய படகுகளுக்கு டீசல் இன்போர்ட்தான் சரி. ஆனால் நம் லகூன், அதாவது பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் கரையோரக் கடல், ஆழமில்லாதது, அடியில் பவளம். அவுட்போர்டை முழுசாகத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம், நல்ல தண்ணீரில் கழுவலாம், கெட்டால் கழற்றி எடுத்துப் போகலாம். ஸ்டெர்ன்டிரைவ் எவ்வளவு தூக்கினாலும் ஒரு பகுதி உப்புத் தண்ணீரிலேயே ஊறும். திருட்டுப் பயத்துக்குப் பூட்டு இருக்கிறது. எப்படியானாலும் குளிர்ந்த இன்ஜினைக் கடலில் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள், கூடவே உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், விற்பவர் கொண்டுவருகிற மெக்கானிக் வேண்டாம்.

படகு இப்போது எங்கள் வீட்டு ஈரப்பலா மரத்தடியில் நிற்கிறது. போன வாரம் விற்றவரின் அதே போன் நம்பரில் இன்னொரு விளம்பரம் பார்த்தேன்: 19 அடி, இன்போர்ட், குடும்பத்துக்கு ஏற்றது. படத்தில் பின்னால் அதே டிரெய்லர், அதே பச்சை ஹோஸ். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.