ஆலய அகப்பக்கத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்துக்கு ஓர் அகப்பக்கம் உண்டு. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, சனங்கள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். அவர்கள் திருவிழா உபயத்துக்குப் பெயர் பதிவது இந்தப் பக்கத்தில்தான். திருவிழா நெருங்கிய நேரத்தில் உபயப் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றுவிட்டது.

சரிசெய்ய வந்தவர் ஈப்போவில் கணினிச் சேவை நடத்துபவர். பெயர் இங்கே வேண்டாம். அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன், வேறு ஆலயத்துக்கு இது நடக்கக் கூடாது.

முதலில் உண்மையான கோளாறு. எங்கள் அகப்பக்கத்தை வைத்திருக்கும் சர்வர் நிறுவனம், பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 7.4 பதிப்பிலிருந்து 8-க்கு மாற்றியிருந்தது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோனதால், மாற்றியதில் தப்பே இல்லை. எங்கள் பழைய நிரலில் 'ஈச்' என்றொரு ஃபங்ஷன், அதாவது பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டளை, இருந்தது. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 7.2-இலேயே எச்சரித்து, 8.0-இல் எடுத்தேவிட்டார்கள். சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாக்கைத் திறந்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதியிருக்கும். அந்த இடத்தை 'ஃபார்ஈச்' கொண்டு மாற்றி எழுதினால் வேலை முடிந்தது.

வந்தவர் லாக்கைத் திறக்கவே இல்லை. "சர்வர் பழசாயிடுச்சு தலைவரே, புது பிளான் எடுக்கணும்" என்று சொல்லி 800 வெள்ளி வாங்கிக்கொண்டார். அப்புறம் எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி கொடுத்தார். சர்வரில் இருக்கும் எந்தப் பயனரும் நம் கோப்புகளில் எழுதலாம் என்று திறந்துவிடும் வேலை அது. பக்கம் வெள்ளையாக நிற்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைவிட மோசமானது, சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் அவர் ஒட்டிய ஓர் ஆட்ஹேண்ட்லர் வரி. பிஎச்பி கோப்புகளை எந்த ஹேண்ட்லர், அதாவது எந்த இயக்கி, ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி அது. வேறொரு சர்வருக்கு எழுதியது. அந்தப் பெயரில் எங்கள் சர்வரில் ஹேண்ட்லரே கிடையாது. அப்படியிருந்தால் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் பிஎச்பியை ஓட்டாது, நிரல் கோப்பை அப்படியே பக்கத்தைத் திறப்பவர் கையில் கொடுத்துவிடும். சிங்கப்பூரிலிருந்து ஓர் அக்கா, "தம்பி, உபயம் கட்டப் போனா என்னமோ ஃபைல் டவுன்லோட் ஆகுது" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த கான்ஃபிக் கோப்பும் அதே மாதிரி இறங்கியது. உபயதாரர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அவருக்கு அழைத்தோம். "அது வேற வேலை, வேற சார்ஜ்" என்றார். பிறகு போனையே எடுப்பதில்லை. பணமும் திரும்பவில்லை.

கடைசியில் எங்கள் தோட்டத்தில் வளர்ந்து கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒரு தங்கைதான் சரிசெய்தார். அந்த வரியை எடுத்து, உரிமையாளர் மட்டுமே எழுதும்படி ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 என்று அனுமதியைக் குறைத்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி, அதன்பிறகே 'ஈச்' பக்கம் போனார். எந்தப் பூட்டை முதலில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யாராவது பழுதுபார்க்க வந்தால், பணம் பேசுவதற்கு முன் எரர் லாக்கில் வந்திருக்கும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் புது பிளான் பேசுபவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். தொடுவதற்கு முன் முழு நகல் எடுத்து, அந்த நகலை ஆலயத்தின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சர்வரில் கோப்புகளை ஏற்றி இறக்க அவருக்கென்று தனி எஃப்டிபி கணக்கு திறந்து, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். டொமைன், அதாவது அகப்பக்க முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள், அது ஆலயத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சோதனைக்காக அவர் போட்ட 'இன்ஃபோ டாட் பிஎச்பி' (info.php) என்ற கோப்பையும் அழிக்காமல் போயிருந்தார். உங்கள் அகப்பக்க முகவரிக்குப் பின்னால் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள். பிஎச்பி பதிப்பு, ஃபோல்டர் பாதைகள் எல்லாம் நீளமான பட்டியலாக வந்தால், ஊருக்கே அது தெரிகிறது என்று பொருள். உடனே அழித்துவிடுங்கள்.