பேரிங் இன்னும் எத்தனை நாள்? கேட்லாக்கா, வைப்ரேஷன் மீட்டரா?

மோட்டாரில் ஓடும் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் ஒருவர் பேரிங் கம்பெனியின் கேட்லாக்கைப் புரட்டுவார், இன்னொருவர் அதிர்வை அளக்கும் வைப்ரேஷன் மீட்டரை எடுப்பார்.

கேட்லாக் கணக்கு 1947-இல் லுண்ட்பெர்க், பாம்கிரென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஸ்வீடனில் வகுத்தது. பால் பேரிங்கின் தாங்குதிறனைச் சுமையால் வகுத்து மும்மடிப் பெருக்கம் (எண் × எண் × எண்) எடுத்தால், ஆயுள் மில்லியன் சுற்றுகளில் வரும். தாங்குதிறன் சுமையைப் போல 10 மடங்கு என்றால் 1000 மில்லியன் சுற்று. நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் சுமார் 11,100 மணி நேரம். மும்மடிதான் இதில் வில்லங்கம். பெல்ட்டை முறுக்கி இறுக்கி, பேரிங் மேல் சுமை 20 சதவீதம் ஏறினால் ஆயுள் 58 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

அந்த 11,100 மணியைப் பலர் பேரிங்கின் கெடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கெடு இல்லை. ஒரே மாதிரி 100 பேரிங் ஓட்டினால் அதற்குள் 10 போயிருக்கும், 90 ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பாதி பேரிங் போக அதைப்போல 5 மடங்கு நேரம்கூட ஆகலாம். நம்முடையது அந்தப் பத்தில் ஒன்றா என்று கேட்லாக் சொல்லாது. அதுவும் உலோகச் சோர்வை, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகம் விட்டுப்போவதை மட்டும் பார்க்கும் கணக்கு. கிரீஸ் காய்ந்ததும் தூசி புகுந்ததும் சுத்தியலால் அடித்து மாட்டியதும் அடிப்படைச் சூத்திரத்துக்குத் தெரியாது.

மீட்டரோ இந்த ஒரு பேரிங்கைப் பற்றியே பேசும். குண்டுகள் உருளும் வளையத்தில் சின்னப் பள்ளம் விழுந்தால் குண்டு ஒவ்வொன்றும் அதைத் தாண்டும்போது தட்டும். அந்தத் தட்டலின் அதிர்வெண்ணை வைத்து உள்வளையமா வெளிவளையமா என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பள்ளம் விழும்வரை மீட்டருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்த பின்னும் அதிர்வின் அளவு நேர்கோடாக ஏறாது. பள்ளத்தின் விளிம்பு மழுங்கும்போது அளவு சிலசமயம் இறங்கும். சரியாகிவிட்டது என்று விட்டால் அப்புறம் திடீரென ஏறும்.

ஸ்டோரில் எத்தனை பேரிங் வாங்கி வைப்பது என்பதற்கு நான் கேட்லாக்கை நம்புவேன். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுன் வரை தாங்குமா என்பதற்கு மீட்டர்தான், அதிலும் ஒரே அளவை அல்ல, மாதக்கணக்கில் எடுத்த வரிசை. வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு இரண்டும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக் போதும்.