கறளை மின்பெட்டி தடுக்குமா? வன்னி வாகனங்களுக்கான வழிகளின் ஒப்பீடு

2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன. திறந்த பின்னரும் விலை எட்டாத உயரத்தில் நிற்பதால், வன்னியில் பெரும்பாலான குடும்பங்கள் கையிலுள்ள வானையும் பட்டாவையும் உழவு இயந்திரத்தையும் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியே ஆகவேண்டும். பற்றறியில் இணைத்துவிட்டால் வாகனம் முழுவதையும் கறளிலிருந்து காக்கும் என்று விற்கப்படும் மின்னணுப் பெட்டிகள் இந்த நிலையில் கவர்ச்சியாகத் தோன்றுவது இயல்பே. எனினும், தரையில் ஓடும் வாகனத்தை அவை காக்கமாட்டா என்பதும், அந்தப் பணத்தை அடித்தளத்துக்கான பூச்சுக்கும் நல்ல தண்ணீர்க் கழுவலுக்கும் செலவிடுவதே சரி என்பதும் என் உறுதியான கருத்து.

பெட்டியின் பின்னாலுள்ள தத்துவம் பொய்யன்று. இரும்பு இலத்திரன்களை இழந்து கரையும்போதே கறள் தொடங்குகிறது. வெளியிலிருந்து இலத்திரன்களை ஊட்டினால் அந்த இழப்பு நின்றுவிடும். 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளோடு இரும்பையும் நாகத்தையும் (துத்தநாகம்) இணைத்து, செப்பு அரிபடாமல் காக்கலாம் என்று காட்டினார். முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதன்று: இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பூட்டப்பட்ட நாகக் கட்டி தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பதையும், அது தேய்ந்ததும் மாற்றவேண்டியிருப்பதையும் அவர்கள் கண்ணால் காண்கிறார்கள். நிலத்தடி எண்ணெய்க் குழாய்களுக்கும் பெரிய கப்பல்களின் அடிப்பகுதிக்கும் வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்துப் பாதுகாப்பதும் நடைமுறையில் உள்ளதே.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. காக்கப்படும் உலோகமும் மின்னோட்டத்தைத் தரும் மின்வாயும் கடல்நீரிலோ ஈரமண்ணிலோ ஒன்றாக அமிழ்ந்திருக்கின்றன. மின்சுற்று அந்த நீரினூடாகவே நிறைவடைகிறது. வாகனமோ காற்றில் நிற்கிறது. மட்கார்ட்டின் உட்புறத்தில் ஒட்டிய சேறு, கதவின் அடிமடிப்பில் தேங்கிய துளி, செசியின் பொருத்தில் படிந்த உப்பீரம் என்று நீர் ஆங்காங்கே துண்டு துண்டாகவே இருக்கிறது. பெட்டியோடு இணைத்து வாகனத்தில் ஓரிடத்தில் ஒட்டிய மின்வாயிலிருந்து அந்தத் துண்டுகளுக்குச் செல்ல நீர்வழிப் பாதை இல்லை. தொடர்ச்சியாக ஈரம் இருந்தாலும், அந்த மெல்லிய படலத்தின் தடை காரணமாகப் பாதுகாப்பு மின்வாயை அண்டிய சிறிய பரப்போடு நின்றுவிடும். பற்றறியின் எதிர்முனை வாகனத்தின் உடலோடு இணைந்திருப்பதாலேயே எல்லா இடமும் காக்கப்படுகிறது என்ற வாதமும் இதே காரணத்தால் நிற்காது. அது உண்மையாயின் எந்த வாகனமும் கறள் பிடித்திருக்கக்கூடாது, ஏனெனில் அந்த இணைப்பு இன்றைய வாகனங்கள் ஏறத்தாழ அனைத்திலும் உண்டு.

சில பெட்டிகள் மின்வாயை விட்டு, பெயின்றுக்கு மேலாக மின்துடிப்புகளை அனுப்புவதாகக் கூறுகின்றன. பெட்டியில் எரியும் விளக்கு, அதற்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். கறள் தடைப்படுகிறது என்பதை அன்று. இத்தகைய கருவிகளுள் ஒன்றான ரஸ்ட் இவேடரை விற்றவர்கள்மீது, 1990களின் நடுப்பகுதியிலேயே ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது.

பூச்சு வகைகளுக்கு வருவோம். நம் ஊர்களில் மலிவானது, கழிவு ஒயிலை மண்ணெண்ணெயோடு கலந்து அடிப்பகுதிக்கு அடிப்பது. அது நீரை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் இறப்பர்ப் பாகங்களை ஊதவைத்துக் கெடுக்கும், மழையில் வடிந்து கிணற்றடிக்கும் வயலுக்கும் போகும். குடிக்கும் தண்ணீருக்குக் கிணற்றையே நம்பும் ஊர்களில் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தார் போன்ற தடித்த அண்டர்சீல் புதிய, சுத்தமான தகட்டுக்கு நல்லது. கறளுக்கு மேலே பூசினாலோ, பூசியது வெடித்தாலோ, நீர் உள்ளே அகப்பட்டு வெளியே தெரியாமலே தகட்டைத் தின்றுவிடும். பழைய வாகனத்துக்கு, உலராமல் மென்மையாகவே இருக்கும் மெழுகு அல்லது கம்பளிக் கொழுப்புப் பூச்சு மேலானது; அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து செல்லும், கீறலையும் ஓரளவு தானே மூடும். ஆண்டுதோறும் மீண்டும் அடிக்கவேண்டும் என்பதே அதன் குறை. வெல்டிங் செய்த இடத்துக்கு மட்டும், வெறும் இரும்பாகத் தேய்த்தபின் நாகத்தூள் செறிந்த பிறைமர் பூசலாம். மின்பெட்டி சொல்லும் தத்துவம் உண்மையில் வேலை செய்வது இங்கேதான், ஏனெனில் நாகம் இரும்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட மலிவானதும் பெரும்பாலானோர் தவறவிடுவதும் கழுவல். உப்புப் படிந்த தகடு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் தானே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே மழை இல்லாத இரவிலும் கறள் வளர்கிறது. ஆனையிறவு வழியாகவோ மன்னார்த் தாம்போதி வழியாகவோ நாளாந்தம் ஓடுபவர்களும், மாரி வெள்ளம் மேவிய வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களும், ஐஸ் உருகிய உப்புநீர் வடியும் மீன் வாகனக்காரரும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவவேண்டும். கதவுகளின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சேற்றை எடுத்துவிடவேண்டும். வயலில் இறங்கும் லாண்ட்மாஸ்டரில் களியைக் காயவிடாமல் அன்றே கழுவுவது நல்லது.

பூச்சுக்கு உகந்த காலம் ஆவணி, புரட்டாசி. தகடு நன்றாக உலர்ந்திருக்கும், பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிடும். ஏற்கெனவே மின்பெட்டி பூட்டியவர்கள் அதை விட்டுவைப்பதால் தகட்டுக்குத் தீங்கில்லை, ஆனால் வாகனம் நெடுநாள் ஓடாமல் நிற்குமாயின் பற்றறி இறங்காதிருக்க அதன் இணைப்பைக் கழற்றிவிடலாம்.