ஒரே 50 மி.மீ. லென்ஸ், நாலு சைஸ் ஃபிரேம்

50 மி.மீ. லென்ஸை எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது 50 மி.மீ.தான். சிறிய 'கிராப்' சென்சாரில் போட்டால் 75 ஆகிவிடும் என்று சொல்வதெல்லாம் பேச்சு வசதிக்கு. லென்ஸ் உள்ளே விழவைக்கும் பிம்பத்தில் எவ்வளவு பகுதியைச் சென்சாரோ ஃபிலிமோ பிடித்துக்கொள்கிறது என்பதுதான் மாறுகிறது.

36-க்கு 24 மி.மீ. ஃபுல் ஃபிரேமில் 50 என்பது நார்மல் லென்ஸ், அதாவது காட்சி அகலவும் செய்யாது, கிட்டேயும் இழுக்காது. நிக்கான், சோனியின் ஏபிஎஸ்-சி (கிராப் சென்சார்) கேமராக்களில் அதுவே 75 போலத் தெரியும், கேனானில் 80. முகம் எடுக்க அருமை. வீட்டுக்குள் பிறந்தநாள் எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும். அதைவிடச் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 ஆகிவிடுவதால் இன்னும் மோசம். 120 என்ற பெரிய ஃபிலிமில் சதுரப் படம் எடுக்கும் ஹாசல்பிளாடில் கதையே வேறு: அங்கே 80தான் நார்மல், 50 நல்ல வைட் (அகலக் காட்சி). ஃபுல் ஃபிரேமின் 28-க்குக் கிட்டத்தட்ட வரும். சதுரம் என்பதால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே.

பழைய ஃபிலிம் காலத்து 24 மி.மீ. கையில் இருந்தால் ஏபிஎஸ்-சி வேண்டாம். 36 போல ஆகி, வைட் வாங்கிய காசு வீண்.

பின்புல மங்கலுக்கும் 50-ஐ 75 ஆக்கிய அதே 1.5 பெருக்கல் உண்டு. ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 (லென்ஸ் துவார அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது) வைத்துப் போட்டால் காட்சி ஃபுல் ஃபிரேமின் 50 போலவே இருக்கும். மங்கல் மட்டும் அங்கே எஃப்/2.7 வைத்த அளவுக்குத்தான். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) மாறாது, எஃப்/1.8-க்கு உரியதேதான். பலர் குழம்புவது இங்கேதான்.

சரி, பறவை எடுப்பவர்கள்? கிராப் சென்சார் 'ரீச்' தரும், அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் என்பது பாதி உண்மை. ஒரே 300 மி.மீ. லென்ஸில் பறவையின் பிம்பம் இரண்டு சென்சாரிலும் ஒரே அளவுதான் விழும். அதன்மேல் எத்தனை பிக்சல் என்பதே கேள்வி. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10-தான். ஆனால் 45 மெகாபிக்சல் நிக்கான் டி850-ஐ அப்படி வெட்டினாலும் 19 நிற்கும். ஏபிஎஸ்-சி டி500 தருவது ஏறக்குறைய 21. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டி850-இல் கூடுதலாக, பறவை திடீரென்று கிட்டே பறந்து வந்தால் இறக்கை வெட்டுப்படாமல் இருக்க இடமும் உண்டு. விலையை யோசித்தால் என் ஓட்டு டி500-க்கே. மிச்சக் காசை லென்ஸில் போடலாம்.