படைத்துறை மென்பொருளில் அஜைலும் பழைய முறையும்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ராடார், ஏ.ஐ.எஸ். (கப்பல் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானே ஒலிபரப்பும் கருவி), கேமரா ஆகியவற்றின் தகவல்களை ஒரே திரையில் இணைத்துக் காட்டும் கடலோரக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். களப்பணி பெரும்பாலும் மண்டபம், இராமேசுவரம் பகுதிகளில்தான். தொடக்கத்தில் தேவை ஆவணம், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, ஒப்படைப்பு என்று ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் பழைய முறையில் திட்டம் நடந்தது. பின்னர், சிறு சிறு பகுதியாகச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளும் இரண்டு வாரச் சுற்றுகளை (ஸ்பிரிண்டுகளை) கொண்ட அஜைல் முறை அதனுடன் சேர்க்கப்பட்டது. இந்தக் கலப்பு முறையோடு அன்றாடம் புழங்குபவன் என்ற நிலையில் என் மதிப்பீட்டை இங்கே பதிவு செய்கிறேன்.

அஜைலால் கிடைத்த பெரிய நன்மை, கடலில் உண்மையில் நடப்பது மென்பொருளுக்குள் வந்து சேர்ந்ததுதான். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்பது நெடுநாளைய ஏற்பாடு. விசைப்படகுகளுக்குரிய நாளில் இராமேசுவரத்திலிருந்து நூற்றுக்கணக்கான படகுகள் சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஒரே சமயத்தில் எத்தனை இலக்குகளைப் பின்தொடர வேண்டும் என்ற எண் தேவை ஆவணத்தில் இருந்தது. அவை எவ்வளவு நெருங்கி ஓடும் என்பது அதில் இல்லை. பன்னாட்டு விதிகளின்படி ஏ.ஐ.எஸ். முக்கியமாகப் பெரிய கப்பல்களுக்கே கட்டாயம் என்பதால், நம் படகுகள் பலவற்றுக்கு ராடார் ஒன்றே ஆதாரம். இரண்டு படகுகள் உரசுவதுபோல் கடந்து சென்றால், ஒன்றின் அடையாள எண் மற்றதற்குத் தாவிவிடும். சந்தேகப் படகு என்று குறித்து வைத்த எண், திரும்பிப் பார்ப்பதற்குள் வேறொரு படகின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் ஏற்புச் சோதனையில் இது தெரியவே இல்லை. ஏனெனில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துக்குள் அந்தச் சோதனை நடந்து முடிந்திருந்தது. தடை முடிந்து படகுகள் இறங்கிய பிறகுதான் கோளாறு வெளிப்பட்டது. பழைய முறையே நீடித்திருந்தால் அதன் திருத்தம் அடுத்த ஒப்பந்தக் கட்டம் வரை காத்திருந்திருக்கும்.

வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) ஒரே நேரத்தில் ஒரே தன்மையில் இருப்பதில்லை என்பதும் இப்படித்தான் குழுவுக்குத் தெரிய வந்தது. வாடைக் காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அலைகளின் எதிரொலியை வடிகட்டும் அளவீட்டை மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாக வைத்தால், ஒரு பக்கம் அலையெல்லாம் படகாகத் தெரியும், மறுபக்கம் சிறு வல்லம் திரையிலேயே வராது. இதைச் சொன்னவர் பணியில் இருந்த கண்காணிப்பாளர் ஒருவர். ஸ்பிரிண்டில் செய்ததைக் காட்டும் டெமோவை நகரத்து அலுவலகத்தில் நடத்தாமல் அவருடைய திரைக்கு முன்னால் நடத்தியதால்தான் அவர் வாயைத் திறந்தார்.

எனினும் எல்லாவற்றையும் ஸ்பிரிண்டில் அடக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. ராடாரிலிருந்து வரும் செய்தியின் அமைப்பை ஒரு ஒப்பந்ததாரர் வசதி கருதி இடையில் மாற்றிவிட்டார். நாட்ஸ் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வந்துகொண்டிருந்த வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரத் தொடங்கியது. திரையில் படகுகள் ஏறக்குறையப் பாதி வேகத்தில் ஊர்ந்தன. அதன் பிறகு, இரு அமைப்புகளுக்கிடையே தகவல் எந்த வடிவில் செல்ல வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் ஆவணத்தை இரு தரப்பும் கையெழுத்திடாமல் மாற்ற முடியாது என்று விதித்தார்கள். இணைப்புப் பகுதிகளும் இலக்குகளைப் பின்தொடரும் மையப் பகுதியும் பழைய முறையின் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும். திரை, எச்சரிக்கை, அறிக்கை ஆகியவை ஸ்பிரிண்டில் மாறிக்கொண்டே இருக்கலாம். ஆவணங்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வாதமும் இங்கே செல்லாது. சீருடைப் பணியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதைப் புதிதாக வருபவர் ஆவணத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

படைத்துறை என்றாலே படிப்படியான வளர்ச்சிக்கு எதிரானது என்ற பேச்சும் சரியல்ல. 1994-இல் வந்த அமெரிக்கப் படைத்துறைத் தரநிலை மில்-எஸ்.டி.டி.-498, அஜைல் முறையின் கொள்கைகளை முன்வைத்த அறிக்கை வெளியான 2001-க்கு முன்பே, மென்பொருளைப் பல கட்டங்களாகக் கட்டி வெளியிட இடமளித்தது. 2020-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை மென்பொருளுக்கெனத் தனிக் கொள்முதல் வழியையே வகுத்தது.

உண்மையான முடிச்சு வெளியீட்டில் இருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர். நொடியில் பத்தில் ஒரு பங்கைக் கணினி துல்லியமாகப் பதிய முடியாததால், 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய கடிகாரம் சுமார் 0.34 நொடி பிசகியிருந்தது. பிழை முன்பே கண்டறியப்பட்டு, திருத்திய மென்பொருளும் பிப்ரவரி 16 அன்றே வெளியாகிவிட்டது. அது தஹ்ரானை அடைந்தது 26-ஆம் தேதி. நீண்ட நேரம் ஓட்டினால் சிக்கல் வரும் என்று பயனர்களுக்குச் சொன்னவர்கள், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

எங்களிடமும் இரண்டு வாரத்தில் தயாராகும் திருத்தம், பாதுகாப்புச் சரிபார்ப்பையும் இணையத்தோடு தொடர்பில்லாத வலையமைப்பையும் கடந்து களத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது. சரிபார்ப்பைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கான சான்றுகளை முன்கூட்டியே தயாரித்துக் கொடுக்கலாம். தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய நாளின் ராடார் பதிவையும், வாடைக் காலத்துப் பதிவு ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் புதிய நிரலின் மேல் தானாக ஓட்டிப் பார்க்கிறோம். அந்த அறிக்கை கையில் இருப்பதால் மீள்சோதனைக்கான நேரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொகை இன்னும் ஆவண ஒப்படைப்புக் கட்டங்களோடுதான் பிணைக்கப்பட்டுள்ளது. களத்தில் ஓடும் திருத்தத்துக்கென்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த ஒப்பந்தத்திலாவது அது இடம்பெற வேண்டும் என்றும், டெமோ நாளில் கண்காணிப்பாளர்களுக்குப் பணி நேரத்திலேயே அனுமதி தர வேண்டும் என்றும் எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம்.