வளாக நூலகத்திலிருந்து கம்பனிக்கு: கொழும்பா, சீனக்குடாவா?

போன மாதம் சித்தியின் மகள் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்திருந்தாள். நூலக விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் நான்கு வருடம் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவள். இப்போது அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு. ஒன்று கொழும்பில் ஒரு சட்ட நிறுவனத்தின் நூலகம். மற்றது ஊரோடு, சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆவணக் கட்டுப்பாட்டு வேலை. "அக்கா, ரெண்டாவதில நூலகர் எண்ட சொல்லே இல்லை. அதை விட்டிடட்டோ?" என்று கேட்டாள்.

விடாதே என்றேன். நானும் வளாக நூலகத்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டுக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குப் போனவள்தான். பெயர்ப்பலகையைப் பார்த்து வேலை தேடினால் எங்கள் துறையில் பாதிக் கதவுகள் கண்ணுக்கே தெரியாது.

இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்பதும் ஒரு வழி. எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் கல்விசார் பதவி. ஆய்வுக் கட்டுரை எழுதலாம், முதுநிலைப் பட்டம் முடித்துச் சிரேஷ்ட உதவி நூலகராகலாம். ஆய்வில் மனம் ஊறியவர்கள் வெற்றிடம் வரும்வரை காத்திருப்பது தகும். இவளுக்கு அந்தப் பொறுமை முடிந்துவிட்டது.

சட்ட நிறுவனத்தில் என்ன வேலை? பல்கலைக்கழகத்தில் மாணவர் வந்து கேட்டால் தேடும் வழியைச் சொல்லிக்கொடுப்போம். விடையைக் கையில் கொடுத்தால் அது பிழை என்றே எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். கம்பனியில் அது தலைகீழ். சட்டத்தரணி காலை பத்து மணிக்குக் கேட்பார், பிற்பகலுக்குள் விடை வேண்டும். உதாரணத்துக்கு 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2021, 2022, 2023 என்று திருத்தச் சட்டங்கள் தனித்தனியாக வந்தன. ஒரு பிரிவு இன்று எப்படி நிற்கிறது என்று சொல்ல முதன்மைச் சட்டத்தையும் திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். அதோடு அதிவிசேட வர்த்தமானிகள், பழைய புதிய சட்ட அறிக்கைகள். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில், "இதுதான் நடைமுறையில் உள்ளது, இந்தத் திகதியிலிருந்து" என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இதில் பிழை விட்டால் வழக்கிலும் பிழை வரும். அந்தப் பாரம் சிலருக்கு நித்திரையைக் கெடுக்கும், சிலரை உசுப்பும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் பலம் உண்டு. வடக்கு, கிழக்குக் காணிகளின் பழைய உறுதிகள் எத்தனையோ தமிழில் எழுதப்பட்டவை. கையெழுத்து உறுதியைப் பிழையில்லாமல் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய ஆளுக்குக் கொழும்பில் மதிப்பு இருக்கிறது. அவள் அதைத் தன் சுயவிபரக்கோவையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

தொழிற்சாலை வேறு உலகம். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வைத்திருக்கும் எந்த இடமும் தன் ஆவணங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது என்று கணக்காய்வில் காட்டியாக வேண்டும். இயந்திரக் கையேடு, வரைபடம், வேலைமுறை அறிவுறுத்தல், அளவுக்கருவிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இலக்கம், அங்கீகாரம், திருத்த எண் இருக்க வேண்டும். நூலகத்தில் ஒரு நூலின் பழைய பதிப்பு அலுமாரியில் கிடந்தால் பெரிதாக ஒன்றும் கெடாது. ஆய்வாளர் ஒருவர் அதையே தேடி வரவும் கூடும். வேலைத்தளச் சுவரில் திருத்தத்துக்கு முந்திய பழைய அறிவுறுத்தல் ஒட்டியபடி இருந்தால், அதைப் பார்த்து வேலை செய்கிற மனிதனின் விரல் போகலாம். பழையதை அகற்றுவதுதான் அங்கே பாதி வேலை. பட்டியலாக்கம், அதாவது நூல்களை விபரத்தோடு பதிந்து ஒழுங்குபடுத்துவது, தெரிந்தவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஆனால் நேர்முகத்தில் இருப்பவர்கள் பொறியியலாளர்களும் தர முகாமையாளர்களும். டூயி வகுப்பாக்கம், மார்க் பதிவு வடிவம் என்று நூலகச் சொற்களில் தொடங்கினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. "ஆயிரக்கணக்கான பொருள்களில் சரியான ஒன்றை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிற ஒழுங்கை நான் நடத்தியிருக்கிறேன்" என்று சொன்னால் விளங்கும்.

ஆகவே அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: நூலகத்தில் எந்த மேசையில் இருந்தபோது நேரம் போனது தெரியவில்லை? வாசகர் கேள்விகளோடு வரும் உசாத்துணை மேசை என்றால் சட்ட நிறுவனம். பட்டியலாக்க மேசை என்றால் தொழிற்சாலை. சம்பளத்தை இதற்குப் பிறகு பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். பிடிக்காத மேசையில் வருடக்கணக்காக இருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் என்று வரும்போது கொழும்புத் தொகையைக் கண்டு மயங்கக் கூடாது. போர்டிங் வாடகை, சாப்பாடு, ஊர் வந்துபோகும் செலவு மூன்றையும் கழித்துவிட்டுத்தான் சீனக்குடாச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் கல்லோயாச் சந்தி வழியாக ஓர் இரவு முழுக்கப் போய்விடும். மாதம் இரண்டு தரம் வருவேன் என்றுதான் நானும் போனேன். அம்மா நோயில் விழுந்த வருடம் அந்தத் தூரத்தின் கனம் தெரிந்தது. எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உன் 8 வீதம், அவர்களின் 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு அவர்களின் 3 வீதம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு என்றேன்.

அவள் மேசையைச் சொன்னாள்: உசாத்துணை. அப்படியென்றால் கொழும்பு என்றேன், சித்தியின் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே. பிறகு இருவரும் அவளுடைய சுயவிபரக்கோவையைத் திருத்தினோம். கருத்தரங்கப் பட்டியல் கடைசிப் பக்கத்துக்குப் போனது. "வாசகர் சேவை வழங்கினேன்" என்ற வரியை அடித்துவிட்டு, என்ன கேள்வி வந்தது, எங்கே தேடினாள், எவ்வளவு நேரத்தில் என்ன கொடுத்தாள் என்று மூன்று உண்மைச் சம்பவங்களை எழுதவைத்தேன். நேர்முகத்துக்குக் கையில் கொண்டுபோக, அந்த இறைவரிச் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்து அது இன்று நிற்கும் நிலையை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதல் தரம் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். பல்கலைக்கழகப் பழக்கம். மூன்றாம் தரம் ஒரு பக்கத்துக்கு வந்தது. முதல் வரியிலேயே விடை இருந்தது.

தொழிற்சாலைக் கடிதத்தையும் கிழிக்கவில்லை. நேர்முகம் இரண்டும் வெவ்வேறு கிழமை. இரண்டுக்கும் போகிறாள்.