ராம்நாடு கடற்கரையில் சர்வதேசக் கால்பந்து: அருகம்புல் தரையா, செயற்கைப் புல்லா?

சின்ன ஊரில் சர்வதேசக் கால்பந்துப் போட்டி நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்று தயங்காமல் சொல்வேன். 2023 மார்ச்சில் இந்திய அணி மியான்மரையும் கிர்கிஸ்தானையும் இம்பாலில் எதிர்கொண்டது. 2025 மார்ச்சில் மாலத்தீவுடனும் வங்கதேசத்துடனும் ஷில்லாங்கில் ஆடியது. அவை மாநிலத் தலைநகரங்கள், நம்மூரைவிடப் பெரியவை என்று சொன்னால், வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோ தீவுகளில் டோஃப்டிர் என்று ஒரு கடலோரக் கிராமம் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேர் வசிக்கிற இடம். ஸ்காட்லாந்து அணி அங்கே போய் ஆடிவிட்டு வந்திருக்கிறது.

அந்தக் கிராமத்துக்குப் போட்டி வந்த கதையே நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. 1990 செப்டம்பரில் பரோ தீவுகள் ஆஸ்திரியாவை 1-0 என்று தோற்கடித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த 'சொந்த மண்' போட்டியை அவர்கள் ஸ்வீடனில் உள்ள லான்ட்ஸ்க்ரோனாவில் ஆட வேண்டியிருந்தது. காரணம், அன்றைய விதிப்படி ஆடத்தக்க புல்தரை அவர்கள் தீவுகளில் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் டோஃப்டிரில் புல்தரை போட்டார்கள், அணிகள் வந்தன. சின்ன ஊருக்குப் போட்டி வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது கேலரியை விடத் தரைதான்.

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே எங்கள் மைதானத்துக்கு இதே முடிவை நாங்கள் எடுத்தோம். இயற்கைப் புல், அதிலும் அருகு என்கிற அருகம்புல். இந்தப் பக்கம் பலர் இதே கேள்வியோடு அலைவதால் எழுதுகிறேன். நான் அருகின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெளியூர் அணி மதுரை விமான நிலையத்தில் இறங்கிச் சாலை வழியாக வந்துவிடும். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம் இருக்கிறது. யாத்திரிகர்களால் ராமேஸ்வரத்தில் அறைக்குப் பஞ்சம் இல்லை. விளக்குக் கம்பம், உடை மாற்றும் அறை, ஆம்புலன்ஸ் எல்லாம் எந்தத் தரைக்கும் ஒன்றேதான். நாங்கள் மனதில் வைத்திருப்பது இந்தியாவின் முதல்நிலை அணி அல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஓர் அணி. அதுவும் சர்வதேசப் போட்டிதான், இரண்டு நாட்டுக் கூட்டமைப்பின் அனுமதியும் வேண்டும்.

சரி, தரைக்கு வருவோம். செயற்கைப் புல்லுக்குச் சொல்லப்படும் நியாயம் பலமானது. ஒரு நாளில் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் லீக், இரவில் வாடகைக்கு என்று ஓட்டலாம், வருமானமும் வரும். புல்தரையில் வாரத்துக்குச் சில ஆட்டங்களுக்கு மேல் போனால் கோல் கம்பத்துக்கு முன்னால் மண் தெரிய ஆரம்பித்துவிடும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பூடான் திம்புவில் செயற்கைத் தரை போட்டுத்தான் நாடுகளை வரவழைக்கிறது. 2015 மார்ச்சில் அவர்கள் இலங்கையை வென்று உலகக் கோப்பைத் தகுதியில் அடுத்த சுற்றுக்குப் போனதும் அதே தரையில்தான்.

ஆனால் திம்பு மலைமேல் இருக்கிற குளிர் ஊர். நம்மூர் வெயிலில் செயற்கைப் புல் மதியம் 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் அடித்தால் இறங்கும், நல்ல வெயில் என்றால் கொஞ்ச நேரத்திலேயே திரும்ப ஏறிவிடும். மாலை ஐந்து மணிக்கு வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிஃபாவின் உயர்தர முத்திரையான 'குவாலிட்டி புரோ' செயற்கைத் தரைக்கு ஓராண்டுதான் செல்லும், ஆண்டுதோறும் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். எட்டுப் பத்து வருஷத்தில் விரிப்பையே உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முதல் முறை நன்கொடை திரட்டியவர்கள் இரண்டாம் முறையும் கோடிகளில் திரட்டுவார்களா என்பதை ஊர்க்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களின் விருப்பமும் புல்தான். 2015 மகளிர் உலகக் கோப்பையைக் கனடாவில் முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்த முடிவு செய்தபோது முன்னணி வீராங்கனைகள் அதை எதிர்த்துச் சட்டரீதியாகப் புகார் கொடுத்தார்கள். கொல்கத்தா சால்ட் லேக்கில் இருந்த செயற்கைத் தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு அருகம்புல் இனத்தைப் போட்ட பிறகுதான் 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி அங்கே நடந்தது. 2026 உலகக் கோப்பைக்கும், செயற்கைத் தரை இருக்கிற அமெரிக்க அரங்குகளில்கூட இயற்கைப் புல் வேண்டும் என்பதே விதி.

இவ்வளவு சொன்ன பிறகும் நம்மூரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். துபாயில் இருக்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) ஒருவர் ஃபோனில் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணியே இல்லாத ஊர்ல புல்லு எதுக்கு தம்பி? டர்ஃப் போடுங்க, நான் ஆள் பிடிச்சுப் பணம் திரட்டித் தர்றேன்." காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில் அது நியாயமான கேள்வி. எங்கள் கூட்டங்களில் நாங்கள் அதிகம் பேசியதும் இதைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். 105க்கு 68 மீட்டர் ஆடுகளம், சுற்றிலும் கொஞ்சம் விளிம்பு என்று வைத்தால் 8,000 சதுர மீட்டர் புல். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 40,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கும் மேல். லாரித் தண்ணீரை நம்பி இறங்கினால் ஒரு சீசன்கூடத் தாங்காது. குடிநீரில் கை வைப்பதை ஊர் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது.

மிச்சம் இருப்பது நிலத்தடி நீரும் மழையும். கடலோர மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும், மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. மோட்டார் போட்டு இழுத்தால் முதலில் இனிப்பாக வந்து, அப்புறம் துவர்த்து, கடைசியில் கடலே மேலேறி வந்துவிடும். எனவே எந்தப் புல்லையும் போட்டுவிட முடியாது. உப்பைத் தாங்குகிற புல் வேண்டும்.

அருகு அங்கேதான் ஜெயிக்கிறது. மண்ணின் உப்பை அளக்கிற ஈசி என்ற அளவில் நெல் 3ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். அருகு ஏறத்தாழ 7 வரை வளர்ச்சி குறையாமல் நிற்கும். நெல் கருகிப்போன வயலின் வரப்பில் அருகு பச்சையாகப் படர்ந்து கிடப்பதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் யார்? "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகுதான் உலகம் முழுக்க 'பெர்முடா' என்ற பெயரில் ஆடுகளங்களில் கிடக்கிறது. வரப்பு அருகு கொஞ்சம் முரடு, பந்து துள்ளும். விளையாட்டுக்கென்று தேர்ந்த 'டிஃப்வே 419' போன்ற ரகங்கள் நெருக்கமாகப் படரும், தாழ வெட்டினாலும் தாங்கும். கொடியைத் துண்டு துண்டாக்கி நட வேண்டும். ஒரு கொடியை இழுத்துப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். ஸ்டட் (பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்) போட்ட கால் ஓரிடத்தில் பெயர்த்தாலும் பக்கத்துக் கணு அந்த இடத்தை மூடிவிடுவது அதனால்தான்.

உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எங்கள் மைதானத்தில் ஒரு குழாய் இணைப்பு கசிந்து, தண்ணீர் தேங்கித் தேங்கிக் காய்ந்த இடத்தில் உப்பளத்தில் பூக்கிற மாதிரி வெள்ளையாகப் பூத்து, கையகலத்துக்குப் புல் செத்துப்போனது. உப்பு மண்ணில் தங்காமல் கீழே இறங்கிப் போக வேண்டும். அதற்கு அடியில் மணல் படுகையும், அதற்கும் அடியில் துளையிட்ட வடிகால் குழாயும் வேண்டும், இடையிடையே நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பைக் கழுவவும் வேண்டும். காசைச் சேமிக்கிறேன் என்று கடல் மணலை அள்ளிப் போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உப்பை விலை கொடுத்து உள்ளே கொண்டு வருவதுபோல் ஆகிவிடும், சட்டமும் விடாது.

அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து? மழையிலிருந்துதான். நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். 8,000 சதுர மீட்டரில் 800 மில்லிமீட்டர் என்றால் 64 லட்சம் லிட்டர் அந்த மைதானத்தின் மேலேயே விழுகிறது. பாதியைப் பிடித்தாலே கோடையில் 80 நாள் கணக்கு. அதனால் வடிகால் குழாய்களை ஓடையில் விடாமல் மைதானத்தை ஒட்டி ஓர் ஊருணி வெட்டி அதில் விட்டோம். கோடையில் ஊருணித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து விடுகிறோம். ஊருணி வெட்டுவது இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை, எந்தக் கம்பெனியையும் கூப்பிட வேண்டியதில்லை.

செயற்கைத் தரையில் விழும் மழையும் வடியத்தான் செய்யும். ஆனால் அது தனியாக வடிவதில்லை. விரிப்புக்குள் நிரப்பும் கறுப்பு ரப்பர் துகள் கூடவே போகும். டர்ஃப் ஆடிவிட்டு வருகிற பையன்களின் சாக்ஸை உதறிப் பாருங்கள், ஒரு பிடி விழும். ஆடிக் காற்று அடிக்கிற இடத்தில், கூப்பிடு தூரத்தில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள். அந்தத் துகள் கடற்புல்லிலும் பவளப்பாறையிலும் போய்ச் சேர்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இந்த நிரப்புத் துகளுக்கே தடை கொண்டுவந்து, மாற்றிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் நாம் இப்போது போய் அதைப் போடுவதா?

அருகுக்கு வேலை அதிகம் என்பது உண்மை. மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை வெட்ட வேண்டும், வேலி இல்லாவிட்டால் ஒரே இரவில் ஆடு மேய்ந்துவிடும், சம்பளத்துக்கு ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். அந்தச் சம்பளம் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் அடுப்பெரிக்கிறது என்பதை நான் செலவாகப் பார்க்கவில்லை.

இன்னொரு புல்லும் உண்டு, கடலோரப் பாஸ்பாலம். 2022 கத்தார் உலகக் கோப்பை அரங்குகளில் இருந்தது அதில் ஒரு ரகம்தான், அருகைவிட உப்பைத் தாங்கும். எங்களுக்கு அதில் கைப்பழக்கம் குறைவு, ஓரமாக ஒரு பாத்தி மட்டும் போட்டுப் பார்க்கிறோம், இதுவரை நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கடலுக்கு மிக ஒட்டி, கிணறு முழுக்க உப்பாகிவிட்ட பாம்பன், மண்டபம் பக்கத்து ஆட்கள் அருகுக்கு முன் இதை விசாரிப்பது நல்லது.

தினமும் நூறு பிள்ளைகள் ஆட வேண்டும் என்றால் பெரிய மைதானத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டால் தாங்காது. பக்கத்தில் ஐவர் ஆட்டத்துக்கு ஒரு சின்னச் செயற்கைத் தரை, ரப்பர் இல்லாமல் மணல் மட்டும் நிரப்பியதாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எதைப் போடுவதானாலும் முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு கிணறு நிறைந்திருக்கும்போது எடுத்த தண்ணீர் வேண்டாம். வைகாசியில் மோட்டாரை அரை நாள் ஓடவிட்டு, கடைசியாக வருகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே சொல்லும் ஈசி அளவைக் கையில் வைத்துக்கொண்டு புல் ரகத்தைப் பேசுங்கள்.